மேலே நிற்கிற ஆளின் கூலி

காற்றுக்கு விலை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உண்டு. ஒரு நாளைக்கு மூவாயிரம், கொண்டுவந்து இறக்கும் செலவு உட்பட. பேசியிருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். நான் குறைக்கவில்லை, முழுதாகவே எடுத்துவிட்டேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

உட்காருங்கள். உங்கள் வீட்டம்மா சமையலறைக் குழாய்களை எல்லாம் திறந்து பார்க்கட்டும், அவசரமே இல்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டுவார்கள், கதவை ஆட்டுவார்கள், வெயில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். "இங்க குடியிருப்போர் சங்கம்னு ஒண்ணு இருக்காமே, அது நல்லதா தொல்லையா?" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். கேட்டதும் சரியான இடத்தில். ஏழு வருஷம் நான்தான் அதற்குச் செயலாளர்.

நான் வளர்ந்தது துணி மொத்த வியாபாரக் கடையில். எங்கள் வீட்டில் குழந்தைகள் தூங்கப் போகும் நேரத்துக்குக்கூடப் பேரம் நடக்கும். அப்பா கண்டிப்பாக வைத்திருந்தது ஒரே ஒரு வழக்கம்தான்: சரக்கில் கிழிசல் இருந்தால் முதலில் அதைப் பிரித்துக் காட்டு, பிறகு விலை சொல். மறைத்து விற்றவன் வியாபாரி இல்லை, திருடன். அதனால் கிழிசலைக் காட்டிவிடுகிறேன். பிறகு விலை பேசலாம்.

முதலில் நல்ல பக்கம். குப்பை காலையில் காணாமல் போகும். லிஃப்ட் நின்றால் யாரோ சரி செய்வார்கள், அந்த யாரோ நீங்கள் இல்லை. மேல் வீட்டுக்காரன் பால்கனி கழுவி உங்கள் தலையில் ஊற்றினால் நீங்கள் போய்க் கத்த வேண்டாம். சங்கத்தில் சொன்னால் சங்கம் கத்தும். மனிதர்கள் முகம் பார்த்துச் சண்டை போடாமல் வாழ முடிகிறது. இதை லேசாக நினைக்காதீர்கள்.

தொல்லைப் பக்கம் என்றால் அதே மனிதர்கள்தான். எண்பத்து நான்கு வீடு. பூந்தொட்டியை எங்கே வைப்பது என்று ஒரு கூட்டம், செருப்பு அலமாரி வாசலுக்கு வெளியே வரலாமா என்று ஒரு கூட்டம். நாகரிகமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், பராமரிப்புக் கட்டணத்தை ஐம்பது ஏற்றுவோம் என்று சொல்லிப் பாருங்கள், அந்த நாகரிகம் எங்கே போகிறதென்றே தெரியாது. நான் அப்படிச் சொன்ன அன்றைக்கு இரண்டு கார் வைத்திருக்கிற பல் டாக்டர் எழுந்து நின்று, "நாங்க என்ன, பணத்தை மரத்துலயா பறிக்கிறோம்?" என்றார். கை தட்டினார்கள்.

இவர்களை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். உள்ளும் என்று சும்மா சொல்லவில்லை. பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, எல்லா வீட்டுக் குழாயும் அங்கேதான் போய்ச் சேரும். அதை வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். குழந்தையின் டயபரைச் சுருட்டிக் கழிப்பறையில் போடுகிறார்கள். தலைமுடி பந்து பந்தாக வரும். உள்ளாடை வரும். ஒருமுறை முழுப் பல்செட் வந்தது. யாரும் வந்து கேட்கவில்லை. மேலே கூட்டத்தில் வாசனை பூசிக்கொண்டு உட்கார்ந்து, பூங்காவில் நாய் அசிங்கம் செய்கிறது என்று மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அந்த மூக்குகளைப் பார்த்தாலே குமட்டும்.

போன வருஷம் தொட்டிக்குள் இருக்கிற மோட்டார் அடைத்துக்கொண்டது. தரைத்தளத்துக் குளியலறைகளில் தண்ணீர் திரும்பி மேலே வர ஆரம்பித்தது. என்ன நிறம் என்று சொல்ல வேண்டாம். லாரி வந்து உறிஞ்சிவிடும். ஆனால் அடியில் மோட்டாரைச் சுற்றிக்கொண்ட துணியையும் முடியையும் லாரி எடுக்காது. ஆள்தான் இறங்க வேண்டும். அதற்கு விலை பேச ஒப்பந்தக்காரரை அலுவலக அறைக்கு வரச் சொன்னேன்.

"நாலே நாலு ஐட்டம் சார்" என்றார். "லாரி. கீழ இறங்குற ஆளு. மேல நிக்கிற ஆளு. காத்து ஊதுற புளோயர். இதுல எதுல கை வைப்பீங்க?"

"நாலுலயும்" என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். பேரத்தில் சிரிப்பு முக்கியம். லாரியில் கொஞ்சம் குறைத்தார். இறங்குகிற ஆள் அவருடைய தங்கை வீட்டுக்காரராம், அதனால் அதில் அவருக்கே ஒன்றும் நிற்காது என்றார். புளோயருக்கு வந்தோம், அந்த மூவாயிரத்துக்கு.

"உள்ள விஷவாயு நிக்கும் சார். காத்து ஊதாம இறங்கினா ஆள் சுருண்டுடுவான்."

"பக்கத்துக் குடியிருப்புல போன மாசம் இறங்கினீங்களே, புளோயர் வெச்சா இறங்கினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். எனக்கு அது தெரியாது, சும்மா போட்டுப் பார்த்தேன். ஆள் தரையைப் பார்த்தால் பாதி விலை படிந்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டவன்.

"அவங்க ரொம்ப அடிச்சுப் பேசிட்டாங்க சார்."

"அப்ப எங்களுக்கு மட்டும் எதுக்குக் கூடுதல் மரியாதை? காலையிலேயே மூடியைத் திறந்து வைங்க. வெளியில இருக்கிற காத்து இலவசம்தானே."

புளோயர் போயிற்று. மிச்சம் மேலே நிற்கிற ஆள். அவனுக்கு ஆயிரத்து இருநூறு. என்ன வேலை என்று கேட்டேன். கயிற்றைப் பார்த்துக்கொண்டு, கீழே இருப்பவனோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்பதாம். பதில் வருகிற வரைக்கும் கீழே எல்லாம் சரி. பதில் நின்றால் இழுக்க வேண்டும்.

"பேசறதுக்கு ஆயிரத்து இருநூறா?" என்றேன். "நான் ஊருக்கே ஓசியில பேசறவன். நானே நிக்கிறேன், எழுதிக்குங்க."

"நெஜமா நிப்பீங்களா சார்?"

"வாக்கு மாறினா என்னை வியாபாரி மகன்னு சொல்லாதீங்க."

அவர் எழுதிக்கொண்டார். மழை மாதம், அவருக்கு வேலை இல்லாத சமயம் என்று எனக்குத் தெரியும். படிந்தது. அன்று மாலை சங்க வாட்ஸ்அப்பில், கேட்ட தொகையில் ஏறக்குறைய பாதிக்கு முடித்துவிட்டேன் என்று போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. எதை எடுத்துவிட்டுப் பாதியானது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காசு நான் எடுத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்திருந்தால் இந்தக் கதைக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும் என்று என் மனைவி ஒருமுறை சொன்னாள். அவள் இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள்.

இறங்க வந்தவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கு முறை அது, மற்றவர்களுக்கு வாய்ப்பழக்கம். ஒல்லியான ஆள், முன்வழுக்கை. சட்டையைக் கழற்றி நான்காக மடித்து மதில் மேல் வைத்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, இன்னொரு நுனியைப் பக்கத்துக் குழாயில் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். லாரி உறிஞ்சி முடித்துப் போய்விட்டிருந்தது. ஒப்பந்தக்காரர் மோட்டாருக்கு வாஷர் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.

"சார், நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றார் மாப்பிள்ளை. "என்ன வேணா பேசுங்க, திட்டக்கூடச் செய்யுங்க. நான் பதில் சொல்லலைன்னா யோசிக்காதீங்க. கத்துங்க, கயித்தை இழுங்க."

"பேச்சுக்கு என்கிட்ட பஞ்சமே இல்ல மாப்பிள்ளை, நீ இறங்கு."

இறங்கினார். நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினேன்.

"மாமியார் வீடு எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"கவனிப்பு பலமா இருக்கு சார். எல்லா வீட்டு விருந்தும் ஒரே தட்டுல!"

"எங்க வீட்டுது எதுன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன சார்? பேரம் பேசிக்கிட்டே ஒண்ணு மிதக்குதே, அதுதான்."

வாய்விட்டுச் சிரித்தேன். என்னோடு சரிக்குச் சரி பேசுகிற ஆட்கள் இந்தக் குடியிருப்பில் கிடையாது. அவர் துணியை அறுத்து அறுத்து வாளியில் போட்டார், வாளியை மேலே இழுத்துக் கொட்ட வேண்டியதும் நான்தான். இரண்டு வாளி இழுத்தேன். மூன்றாவதில் கொஞ்சம் தளும்பி என் கால்விரலில் பட்டது. சூடாக இருந்தது. அது ஏன் சூடாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அங்கிருந்து விலகி, செம்பருத்திச் செடிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பத்தடி இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் சத்தமாகப் பேச வேண்டும் அல்லவா? பேசினேன்.

தரைத்தளத்து ஜன்னல் திறந்தது. ஓய்வு பெற்ற டீச்சரம்மா. "செயலாளர் சார், மணி என்ன பார்த்தீங்களா? ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் யாரும் சத்தம் போடக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினது யாரு? நீங்கதானே?"

நான்தான். என் மதியத் தூக்கத்துக்காக நானே கொண்டுவந்த விதி அது. மற்றவர்கள் மீறினால் அபராதம் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் பந்து அடித்ததற்குக்கூட. விதி போட்டவனே ஜன்னல் அடியில் நின்று கத்தினால் அந்த அம்மா குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிடுவாள். "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்று வாயைப் பொத்திக் காட்டினேன். அவர் ஜன்னலை மூடவில்லை. மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் பேசுவதை நிறுத்தினேன். அருகில் போய் மெதுவாகப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. அருகில் போனால் நாற்றம். நாற்றம் என்று நான் சொல்வது நீங்கள் பேருந்து நிலையத்தில் முகர்ந்த நாற்றம் இல்லை. அது வாய் வழியாகப் போய் நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். எண்பத்து நான்கு வீட்டு ஆட்கள், அவர்கள் தின்றது, மறைத்தது, கழித்தது எல்லாம் ஒன்றாக வந்து உங்கள் நாக்கில்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. கயிறு தொய்ந்து கிடந்தது. அதைத் தொடக் குனிந்தேன். கயிறு நெடுக ஈரம். என்ன ஈரம் என்று சொல்ல வேண்டாம். கையுறை இல்லை. கையுறை என்று ஒன்று ஒப்பந்தக்காரரின் விலையில் தனியாக இல்லை. மேலே நிற்கிற ஆள் தன்னுடையதைத் தானே கொண்டுவருவானாம். மாடிக்கு வந்தேன். சமையலறையில் என் மனைவியின் ரப்பர் கையுறை தொங்கியது. எடுத்தேன்.

"அது பாத்திரம் தேய்க்கிறது" என்றாள். "அதைப் போட்டுக்கிட்டு எதைத் தொடப் போறீங்க? பழசு பால்கனியில இருக்கு பாருங்க."

பால்கனியில் தேடினேன். ஒரு கைக்கு உண்டானது பூந்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது, மற்றது கிடைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. லிஃப்டில் பொருளாளர் ஏறினார். "பாதி விலைக்கு முடிச்சுட்டீங்களாமே, பிரமாதம்" என்றார். நன்றி சொன்னேன். இரண்டு தளம் பேசிக்கொண்டே வந்தோம்.

கீழே வந்தபோது ஒப்பந்தக்காரர் வாஷரோடு திரும்பியிருந்தார். அவர்தான் கத்தினார். வெறும் கையால் கயிற்றை இழுத்தார். அவர் ஒருவரால் ஒரு ஆளை இழுக்க முடியவில்லை. நான் கையுறையை மாட்டிக்கொண்டு பிடிப்பதற்குள் பால்காரர், காவல்காரர், இரண்டு டிரைவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

போலீஸ் விசாரணை நடந்தது. புளோயர் இல்லாமல் ஆளை இறக்கியதற்கு ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு. என்னைப் பற்றி எழுதினது, காப்பாற்றக் கையுறை எடுக்க ஓடிய செயலாளர் என்று. ஓடினேன் என்று நான் சொல்லவில்லை. அவர்களாக எழுதிக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை.

இப்போது சங்கத்தின் உண்மையான நன்மைக்கு வருகிறேன். தனி வீட்டில் ஒருவன் செத்திருந்தால் அந்த வீட்டுக்காரன் சாகும்வரை அதைத் தனியாகச் சுமக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. பொதுக்குழு கூடியது. நிற்பவர்களுக்குக்கூட இடம் இல்லாத அளவு கூட்டம். அப்படிக் கூட்டம் அதற்கு முன் வந்ததே இல்லை. இழப்பீடு கொடுப்பதா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொடுக்கும் தொகையை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, அதில்தான் சண்டை. பெரிய வீட்டுக்காரர்கள் வீட்டுக் கணக்கு என்றார்கள். சின்ன வீட்டுக்காரர்கள் சதுர அடி என்றார்கள். ஆறு மாதமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போயிருந்த ஒருவர் எழுந்து, "நாங்க அந்தச் சமயத்துல கழிப்பறையே உபயோகிக்கலை, எங்களுக்கு எதுக்குப் பங்கு?" என்று கேட்டார். பல் டாக்டர் அதையும் பரிசீலிக்கலாம் என்றார். சதுர அடி ஜெயித்தது. நான் மேடையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். வாந்தி வருகிற மாதிரி இருந்தது. இந்த ஜனங்களை நினைத்து.

அந்தப் பெண் மறுநாள் அலுவலகத்துக்கு வந்தாள், மாப்பிள்ளையின் மனைவி. அண்ணன், அதாவது ஒப்பந்தக்காரர், சிறையில். கூட வர ஆள் இல்லை. பொருளாளர் தொகையைச் சொன்னார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குறைத்துச் சொல்லியிருந்தோம். அவள் கேட்டால் ஏற்ற இடம் வைத்திருந்தோம். அவள் கேட்கவே இல்லை. என் ஆயுளில் விலையே சொல்லாத ஆளோடு நான் பேசியது கிடையாது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே சார் அவரோட பேசிட்டு இருந்தீங்க? கடைசியா என்ன சொன்னாரு?"

"வேலை முடியப் போகுதுன்னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாரு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சிரிப்பாரு" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, மதில் மேல் வைத்த சட்டை இருக்கிறதா என்று கேட்டாள். காவல்காரர் அதை எடுத்து வைத்திருந்தார்.

கிழிசலைக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அது இங்கே இருக்கிறது.

செம்பருத்திச் செடிப் பக்கம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் அல்லவா? கீழேயும் அமைதி. எனக்கு அது பழகிய அமைதி. கடையில் இரண்டு பக்கமும் விலையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்போம். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் இறங்கினார் என்று கணக்கு. அப்பா அப்படி ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்து ஜெயித்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே பேசி முடிக்க ஒரு விலையும் இல்லை. ஆனாலும் எனக்கு உள்ளே அந்தப் பழைய ருசி வந்துவிட்டது. என்னைப் பார்த்து மிதக்கிறது என்றான் அல்லவா, பார்க்கலாம், யார் முதலில் பேசுகிறார்கள் என்று.

"சார், இருக்கீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டது.

குரல் கொஞ்சம் குழறியிருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. டீச்சரம்மா ஜன்னலில் நின்றார். எனக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். நான் ஜெயித்துவிட்டேன்.

பதில் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை "சார்" மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, ஆள் சுருண்டுவிட்டான் என்று. கயிற்றைப் பார்த்தபோது இல்லை, மாடியில் இல்லை, அங்கேயே, செடிப் பக்கத்திலேயே. கத்தினால் எண்பத்து நான்கு வீடும் ஜன்னலைத் திறக்கும். புளோயர் எங்கே, மேலே நிற்க வேண்டிய ஆள் எங்கே என்று கேட்பார்கள். நடந்துதான் போனேன், தொட்டிக்கும், மாடிக்கும். கையுறை தேடியது பொய் இல்லை. எவ்வளவு மெதுவாகத் தேட முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தேடினேன். சத்தம் போடாமல் முடிய வேண்டும் என்று இருந்தது.

உங்கள் வீட்டம்மா வருகிறார். நாற்றம் ஏதும் இல்லை என்கிறார் பாருங்கள். எனக்கு வருகிறது, அதை விடுங்கள், அது வீட்டின் குறை இல்லை. அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

இனி விலைக்கு வருவோம். சந்தை விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தருகிறேன், அதற்குக் கீழே ஒரு காசு இறங்க மாட்டேன். சங்கத்துக்கு இந்த வீட்டின் பேரில் ஒரு பாக்கி நிற்கிறது. பாக்கி வீட்டோடு போகும் என்பது சங்கத்தின் விதி, அதனால் வாங்கினால் அது உங்களுடையது. மறைத்தேன் என்று நாளைக்குச் சொல்லக்கூடாது. இழப்பீட்டில் இந்த வீட்டின் பங்கு, சதுர அடிக் கணக்கில், ஒன்பதாயிரத்து அறுநூறு. அதை நான் இன்னும் கட்டவில்லை. முழுதாகக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை, யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மேலே நிற்கிற ஆளின் வேலையைப் பார்த்தவன் நான். சங்கம் எனக்குக் கூலி தரவில்லை. ஆயிரத்து இருநூறு என்பது முழு நாள் கூலி. நான் நின்றது கொஞ்ச நேரம்தான், நடுவில் மாடிக்கும் போய்விட்டேன். நியாயமாக அரை நாள் கூலியை மட்டும் கழித்துக்கொண்டேன். அறுநூறு போக, நீங்கள் கட்ட வேண்டிய பாக்கி ஒன்பதாயிரம்.